திருத்தம் எண் நான்கு

கம்பெனியின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். சோதனைப் பிரிவில் பொறியாளராகச் சேர்ந்தார், நிர்வாக இயக்குநராக உயர்ந்தார், பிறகு சட்டமன்றத்துக்குப் போய் மக்கள் பணி ஆற்றினார் என்று அதில் இருக்கிறது. பொய் ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருஷம் கம்பெனியிலும் ஐந்து வருஷம் சட்டமன்றத்திலும் அவருக்குச் செயலாளராக இருந்தவள் நான். கூட்டக் குறிப்பு எழுதி எழுதிப் பழகிய கை. எதை விட்டுவிட்டால் ஒரு குறிப்பு அழகாக இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே விட்டதை இங்கே எழுதுகிறேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

எங்கள் கம்பெனி மின்விசிறி செய்கிறது. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அவரை உட்கார வைத்த இடத்துக்குச் சத்த அறை என்று பெயர். நாலு சுவரிலும் கூரையிலும் ஒரு முழம் தடிமனுக்குப் பஞ்சு ஒட்டிய சின்ன அறை. தயாரான விசிறிகளில் நூற்றுக்கு ஒன்றை எடுத்து வந்து அங்கே மாட்டி ஓட்டுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து காதால் கேட்க வேண்டும். முனகுகிறதா, உரசுகிறதா, எங்கேயாவது திக்குகிறதா என்று தாளில் குறிக்க வேண்டும். கருவி வாங்கும் வரைக்கும், ஆறு வருஷம், கருவி இவர்தான். பிற்பாடு ஒரு பத்திரிகைக்காரர் அந்த அறையில்தான் இவர் மௌனத்தைக் கற்றார் என்று பெரிதாக எழுதினார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாயாடியை யாராவது அந்த அறைக்கு அனுப்புவார்களா? இவர் உள்ளே போகும்போதே அப்படித்தான் போயிருப்பார்.

அவர் மனைவி பல் மருத்துவர். ஊரே அந்த அம்மா முன்னால் வாயைத் திறக்கும், புருஷனைத் தவிர. இது அந்த அம்மாவே சொல்லிச் சிரிக்கும் வேடிக்கை. அவர் மட்டும் சிரிக்க மாட்டார். முறைக்கவும் மாட்டார்.

இப்படிப்பட்ட ஆள் எப்படி மேலே வந்தார் என்று கேட்கலாம். மேலே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் இழுத்துப் போட்டுக்கொண்டு விழுந்தார்கள். யாரோடும் சேராமல், யாரையும் பகைக்காமல் நின்றுகொண்டிருந்தவர் இவர் ஒருவர். விற்பனைக்காரர்களுக்கும் உற்பத்திக்காரர்களுக்கும் ஆகாது. இரண்டு தரப்பும் இவரிடம் வந்து கொட்டிவிட்டுப் போவார்கள். இவர் கேட்டுக்கொண்டிருப்பார். தங்கள் பக்கம்தான் இவர் என்று இரண்டு பேருமே நம்பிக்கொண்டு போவார்கள். நாற்பது வயதில் இயக்குநர் குழுவில் இடம் கிடைத்தது.

அந்தக் குழு எப்படி நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. எங்கள் தலைவரை எல்லோரும் பெரியவர் என்போம். அவருக்கு நீட்டி முழக்கினால் பிடிக்காது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாகவே தாள்களை எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். அன்றைக்கு அவர் எண்ணை மட்டும் வாசிப்பார். "பொருள் மூன்று." இரண்டு மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். யாரும் வாயைத் திறக்காவிட்டால் அது ஏற்கப்பட்டது. மறுப்பவர்தான் பேச வேண்டும். ஏற்பவர் பேசினால் பெரியவருக்குக் கோபம் வரும். "ஒத்துக்கறீங்கல்ல, அப்புறம் எதுக்கு வாய் வலிக்கப் பேசறீங்க?" என்பார்.

இவரிடம் மை ஊற்றும் கறுப்புப் பேனா ஒன்று இருந்தது. தன் தாள் வரும்போது பேனாவின் மூடியைப் போட்டு, கோப்பின் மேல் குறுக்கே வைப்பார். டக் என்று சின்னச் சத்தம் கேட்கும். இது என் தாள், இதற்கு நான் பொறுப்பு, வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். பதினேழு வருஷத்தில் அந்த அர்த்தம் தப்பியதே இல்லை. கடைசி வருஷங்களில் பெரியவர் மூச்சுவிடக்கூடக் காத்திருக்காமல், அந்த டக்கைக் கேட்டதுமே அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். நான் குறிப்பில் எழுதுவேன்: "நிர்வாக இயக்குநர் விளக்கியதன் பேரில் ஒருமனதாக ஏற்கப்பட்டது." அவர் என்றைக்கும் எதையும் விளக்கியதில்லை. நான்தான் அவருக்காக அப்படியெல்லாம் எழுதினேன். தொழிற்சாலையில் அவருக்கு மூடி என்று பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும்.

பேனா மூடி செல்லுபடியாகாத இடம் உலகத்தில் அவருக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அவருடைய அக்கா.

அக்கா அவரைவிட ஐந்து வயது மூத்தவர். ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் இவர்கள் இரண்டு பேர்தான் மிச்சம். தம்பிக்கு வேலை கிடைத்த வருஷம் அக்கா தானே விசாரித்து, தானே பேசி, நகரத்தின் ஓரத்தில் இருந்த அரசுக் காப்பகத்தில் இடம் வாங்கிக்கொண்டார். தம்பிக்குக் கல்யாணமான பிறகு அவர்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் இருந்தும் பார்த்தார். நாலாவது மாடி. ஒருநாள் படியில் உருண்டு மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். "எனக்கு இங்க எதுவும் பிடிபடல. என்னை என் வீட்டுலயே கொண்டுபோய் விட்டுடுங்க," என்று சொல்லிவிட்டார். என் வீடு என்று அவர் சொன்னது காப்பகத்தை.

அது தரைத்தளம் மட்டுமே உள்ள நீளமான கட்டடம். நாற்பத்து நாலு பேர் இருந்தார்கள். முன்னால் முற்றம், சுற்றி ஒரு வராந்தா, மூலையில் அலுவலகம். அலுவலகத் தொலைபேசியை எடுக்கும் வேலை அக்காவுடையது. உத்தரவு போட்டு யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். இருநூறு எண்ணுக்கு மேல் மனப்பாடம். அறையிலிருந்து தொலைபேசிக்கு நூற்றுப் பன்னிரண்டு அடி என்று சொல்வார். ஆனால் அவர் எண்ணிக்கொண்டு நடந்ததை நான் பார்த்ததில்லை. வலது கை விரலைச் சுவரில் தொட்டும் தொடாமலும் வைத்தபடி விறுவிறுவென்று வருவார். முப்பத்து நாலு வருஷம் அந்த விரல் போன உயரத்தில் சுண்ணாம்பு தேய்ந்து, வராந்தா முழுக்க ஒரு கோடு வழவழவென்று ஓடியது. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் ஆறு மாதத்தில் அந்தக் கோடு மேலே வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர் அக்காவுக்குத் தொலைபேசியில் பேசுவார். பேசுவது அக்காதான். இவர் தன் வழக்கப்படி கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தால் அக்காவுக்கு எப்படித் தெரியும்? நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்பார்: "இருக்கியாடா?" இவர் "இருக்கேன்" என்பார். மறுபடி "இருக்கியாடா?" மறுபடி "இருக்கேன்." அவர் வெளியூர் போன வாரங்களில் அக்காவிடம் பேச வேண்டியது என் பொறுப்பு. அப்படித்தான் எனக்கும் அக்கா பழக்கம். என்னை டைப்பு என்று கூப்பிடுவார், டைப்படிக்கிறவள் என்பதைச் சுருக்கி. என்னிடமும் அதே கேள்விதான். உண்மையைச் சொன்னால், என் வீட்டில்கூட என்னை யாரும் அத்தனை முறை கேட்டதில்லை.

அவர் ஐம்பத்தேழு வயதில் கம்பெனியை விட்டுப் போனார். ஆளும் கட்சிக்குச் சண்டை சச்சரவு இல்லாத, கறைபடாத ஒரு முகம் வேண்டியிருந்தது. பெரியவர் சிபாரிசு செய்தார். காப்பகம் இருந்த தொகுதியே கிடைத்தது. பிரசாரத்தில் மற்றவர்கள் தொண்டை கிழியப் பேசினார்கள், இவர் வண்டியில் நின்று கையசைத்தார். ஒரே ஓர் இடத்தில்தான் பேசினார். காப்பகத்து முற்றத்தில் நாற்பத்து நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்தைக் காலி செய்யப் போகிறார்கள் என்று பல வருஷமாகவே பேச்சு இருந்தது. அக்கா எழுந்து கேட்டார்.

"இந்த இடத்த விட்டு எங்கள யாரும் கிளப்ப விடமாட்டேன்னு சொல்லு."

"விடமாட்டேன்," என்றார்.

"பின்னாடி கேக்கல. சத்தமா சொல்லு."

"விடமாட்டேன்." சத்தமாகவே சொன்னார். அவர் குரல் அத்தனை உயரம் போகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஜெயித்தார். பதினான்கு மாதம் கழித்து அவருடைய கட்சியின் அரசே காப்பகங்கள் ஒருங்கிணைப்பு மசோதாவைக் கொண்டுவந்தது. ஏழு காப்பகங்களை மூடிவிட்டு, ஒரு பகல் பயணத் தூரத்தில் கட்டியிருந்த ஆறு மாடி வளாகத்துக்கு எல்லோரையும் கொண்டுபோவது திட்டம். கட்சியை எதிர்த்து ஓட்டுப் போட முடியாது, போட்டால் பதவி போகும். பதவி போனால் போகட்டும் என்று அவர் நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது. அதற்கு அவசியம் வரவில்லை. ஒரு திருத்தம் கொடுக்கலாம் என்று அவரே கண்டுபிடித்தார். ஏழு தடவை மாற்றி மாற்றி டைப் அடித்தேன். கடைசியில் இப்படி நின்றது: "இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே காப்பகத்தில் வசித்து வருபவர், தாம் விரும்பினால், தம் வாழ்நாள் முழுவதும் அங்கேயே வசிக்கலாம்." நாற்பத்து நாலு பேரில் இருபத்தேழு பேர் அதற்குள் வந்தார்கள். இருபத்தேழு பேர் இருக்கும் இடத்தை மூட முடியாது. ஆக, அந்த ஒரு வாக்கியம் நிறைவேறினால் காப்பகம் நிற்கும். வாழ்க்கையில் அவர் எழுதிய வாக்கியங்களிலேயே நல்லது அதுதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

மசோதா வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரில் இல்லை. அக்கா என்னிடம் சொன்னார், "இவன் பேசறத ரேடியோல போடுவாங்களாமே. இங்க எல்லாரும் ஆவலா இருக்காங்க, டைப்பு."

மசோதா எடுக்கப்படும் நாளுக்கு முந்தின நாள், அலுவலகத்துக்குக் கொறடாவிடமிருந்து தொலைபேசி வந்தது. இவர் சட்டமன்றக் குழு ஒன்றின் கூட்டத்தில் இருந்ததால் நான் எடுத்தேன். கொறடா அவசரத்தில் இருந்தார். "உங்க சார் திருத்தம் அமைச்சருக்குச் சம்மதம்தான். ஏத்துக்கறேன்னுட்டார். சொல்லிடுங்க," என்று வைத்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டம் முடிந்து அவர் வெளியே வருவதற்குள் இரண்டு தடவை படியேறி இறங்கினேன்.

"சார், நம்ம திருத்தத்த ஏத்துக்கிட்டாங்க," என்றேன்.

அவர் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் கேட்டார், "நாளைக்கு நான் எதாவது பேசணுமா?"

"தேவைப்படாது சார்," என்றேன்.

அவர் தலையாட்டினார். அவ்வளவுதான் நடந்தது. விதிப் புத்தகம் என் மேசையில்தான் இருந்தது. திருத்தத்தை முன்கூட்டி எழுத்தில் கொடுத்திருந்தாலும், அவையில் எண் அழைக்கப்படும்போது உறுப்பினர் எழுந்து "முன்மொழிகிறேன்" என்று சொல்ல வேண்டும், சொன்னால்தான் அது அவை முன் இருப்பதாக அர்த்தம் என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது. நான் அதைப் படித்தவள். ஆனால் ஏற்கப்பட்டது என்ற சொல் என் காதில் விழுந்தால் அத்தோடு கோப்பை மூடிவிட வேண்டும் என்பது என் கைக்கே பழகிவிட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். பதினான்கு மாதமாக அவையில் அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் எழுந்து எழுந்து திருத்தங்களை முன்மொழிந்தார்கள். அவர்கள் மறுப்பவர்கள், அதனால் பேசுகிறார்கள் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

அன்றைக்குப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே போகிறவர்களிடம் பேனா, தாள் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெறுங்கையோடு ஒரு கூட்டத்தைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காவலர் ஒருவர் வந்து, கைப்பிடிச் சுவரில் சாயக்கூடாது, பேசக்கூடாது, எழுந்து நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

சபாநாயகர் மெல்லிய ஆள், பெரியவரைப் போலவே சுருக்கமாகப் பேசுவார். "திருத்தங்கள் எண் ஒன்று, இரண்டு, மூன்று. அரசின் திருத்தங்கள்," என்றார். அமைச்சர் அவற்றை ஆரம்பத்திலேயே முன்மொழிந்துவிட்டதால் இப்போது உட்கார்ந்த இடத்திலேயே தலையசைத்தார். "ஏற்கப்பட்டன," என்றார் சபாநாயகர். எனக்கு எங்கள் இயக்குநர் குழுவே கண்ணில் தெரிந்தது. பிறகு சபாநாயகர் தாளைப் புரட்டினார்.

"திருத்தம் எண் நான்கு."

இவர் பேனாவின் மூடியைப் போட்டு, கோப்பின் மேல் குறுக்கே வைத்தார்.

சபாநாயகர் இரண்டு மூச்சு விடும் நேரம் காத்திருந்தார். இவர் இருக்கும் வரிசையைப் பார்த்தார். அமைச்சரும் திரும்பிப் பார்த்தார். கொறடா முன்வரிசையிலிருந்து கழுத்தை நீட்டிக் கையால் ஏதோ காட்டினார். இவர் குனிந்து தன் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்த அறையில் விசிறியைக் கேட்பவர் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருப்பார். நான் என்னையறியாமல் எழுந்துவிட்டேன். காவலர் என் தோளைத் தொட்டார். உட்கார்ந்துவிட்டேன்.

"முன்மொழியப்படவில்லை," என்றார் சபாநாயகர். "பிரிவு ஏழு மசோதாவின் பகுதியாக இருக்க வேண்டும் என்பது இப்போது பிரேரணை. ஆதரிப்போர் ஆம் என்க."

ஆம் என்று சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் இவர் நிமிர்ந்தார். எழுந்து நின்றார். வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். சபாநாயகர் அவரைக் கையமர்த்தினார். "உட்காருங்க உறுப்பினரே. அது முடிஞ்சுபோச்சு." அவர் உட்கார்ந்தார். இன்னும் ஒரு நிமிஷத்தில் மசோதாவும் நிறைவேறியது. எல்லாம் சேர்ந்து காபி ஆறுகிற நேரம்கூட இருக்காது.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குக் கடிதங்களை எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு மேசையில் அவர் ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார், தின்னவில்லை. மருத்துவரம்மா தாங்க முடியாமல் கேட்டார்.

"ஒரே ஒரு வார்த்தை. எந்திரிச்சு சொல்றதுக்கு என்ன?"

"சொல்ல வேண்டியதில்லன்னு நெனச்சேன்."

"யார் சொன்னா அப்படி?"

அவர் இன்னொரு துண்டு ரொட்டியைப் பிட்டார். என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்கக்கூடாது என்பதற்காகவே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும். திட்டுவதற்குக்கூட வாய் வராத ஒரு மனிதரிடம் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேனே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்கமான கோபம், வெளியே காட்ட முடியாது. கடிதங்களை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவை நடவடிக்கைக் குறிப்பின் நகலை உறுப்பினர்களுக்கு அனுப்புவார்கள், பிழை இருந்தால் திருத்தி அனுப்பலாம். அது பத்து நாளில் வந்தது. அவர் பெயர் இருந்த இடத்தில் ஒரே வரி. எண் நான்கு, முன்மொழியப்படவில்லை. அவர் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு அந்த வரியை மறுபடி மறுபடி படித்தார்.

"இதுல எதாவது சேக்க முடியுமா?" என்று கேட்டார்.

"சொன்னதுல தப்பு இருந்தாத்தான் சார். சொல்லாதத சேக்க விடமாட்டாங்க."

கம்பெனியாக இருந்தால் நான் சேர்த்திருப்பேன். அவர் கீழே, பிழை ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதற்கப்புறம் நடந்தவை கொஞ்சம்தான். மீதி நாலு வருஷமும் அவர் ஒழுங்காக அவைக்குப் போனார். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அக்காவுக்குப் புது வளாகத்தில் மூன்றாவது மாடியில் இடம் கிடைத்தது. சுத்தமான இடம், குறை சொல்ல முடியாது. எல்லாத் தாழ்வாரமும் ஒரே மாதிரி, சுவரெல்லாம் ஒரே மாதிரி வழுக்கும் ஓடு. இரண்டு தடவை வேறு மாடியில் போய் யாருடைய கட்டிலிலோ உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு நடப்பதைக் குறைத்துக்கொண்டார், பிறகு நிறுத்திவிட்டார். அங்கே தொலைபேசி எடுக்கச் சம்பளத்துக்கு ஆட்கள் இருந்தார்கள். ஞாயிறு ஐந்து மணிக்கு இவர் கூப்பிட்டால், இருங்கள் கூப்பிடுகிறோம் என்று வைத்துவிட்டுப் போவார்கள். அக்கா வந்து சேரும்போது மூச்சு வாங்கும், பேச்சு குறைந்துபோயிருக்கும். இரண்டு பக்கமும் சும்மா இருப்பார்கள். மூன்றாம் வருஷம் அக்கா போய்விட்டார். தூக்கத்தில் போனதாகச் சொன்னார்கள். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு நாற்காலியைத் தொலைபேசிப் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருவதாக மருத்துவரம்மா சொன்னார். எதுவும் செய்வதில்லையாம், உட்காருவதோடு சரி. மலரில் இதற்கெல்லாம் இடமில்லை.

காப்பகத்தைக் காலி செய்த நாளைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

காலை பத்து மணி. முற்றத்தில் மூன்று பேருந்து நின்றன. கண்காணிப்பாளர் ஒவ்வொரு பெயராகப் படித்து ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அவரவர் பை அவரவர் மடியில். இவரும் நானும் போயிருந்தோம். இவர் நேராக அலுவலகத்துக்குப் போனார். தொலைபேசியை முந்தின நாளே கழற்றிவிட்டார்கள், கம்பியைச் சுருட்டிச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். வெறும் மேசைக்குப் பக்கத்தில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செருப்புச் சத்தத்திலேயே ஆளைத் தெரிந்துகொண்டார்.

"தம்பியா?"

"ஆமாக்கா."

"டைப்பும் வந்திருக்காளா?"

"வந்திருக்கேங்க்கா," என்றேன்.

"நல்லதாப் போச்சு." அக்கா பையைத் தடவி அதன் வாரைச் சரிசெய்தார். "அன்னிக்கு ரேடியோவ நடு ஹால்ல வெச்சு எல்லாரும் சுத்தி உக்காந்திருந்தோம்டா. காது கேக்காத ரெண்டு பேருக்குக்கூட முன்வரிசை. நாலாம் நம்பர்னு கூப்பிட்டாங்க. எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம். ஒண்ணுமே கேக்கல. எனக்கு லைன் போயிடுச்சோன்னு தோணிச்சு. பழக்க தோஷம் பாரு, ரேடியோகிட்டயே இருக்கியாடான்னு கேட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

அக்காவும் கொஞ்சம் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

"அப்புறம் மூணு மாசமா ஃபோன்ல கேக்கணும்னு நெனப்பேன், கேக்கல. நேர்ல கேக்கலாம்னு விட்டுட்டேன். அன்னிக்கு நீ அங்க போகலையாடா? உடம்பு கிடம்பு சரியில்லாம போச்சா? அப்படி எதாவது இருந்தா சொல்லு, நான் பாட்டுக்கு இருந்துப்பேன்."

அக்கா ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். அவர் அதில் நுழைந்து போயிருக்கலாம். இல்லாவிட்டால் என்னைக் கை காட்டியிருக்கலாம். தேவைப்படாது என்று இவள்தான் சொன்னாள் என்று ஒரு வார்த்தை. அது உண்மையும்கூட. அதற்காக நான் தயாராக நின்றேன். வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

"இருந்தேன்க்கா," என்றார்.

"சரி," என்றார் அக்கா.

வெளியே கண்காணிப்பாளர் அக்காவின் பெயரைப் படித்தார். அக்கா எழுந்தார். தம்பி கையைப் பிடிக்கப் போனார், அக்கா வேண்டாமென்று பையை மட்டும் அவரிடம் கொடுத்துவிட்டு, வலது கை விரலைச் சுவரில் வைத்து அந்தக் கோட்டோடு வராந்தாவில் நடந்தார். நான் அக்காவுக்குப் பக்கத்திலேயே நடந்தேன். நான்தான் அக்கா சொன்னேன், எழுந்து பேசத் தேவைப்படாது என்று நான்தான் சொன்னேன். வாக்கியம் முழுசாக வாயில் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு அடி தூரம் அது என் வாயில் இருந்தது. சுவர் முடியும் இடத்தில் அக்கா நின்றார். விரலைச் சுவரிலிருந்து எடுக்காமலே தலையை என் பக்கம் திருப்பினார்.

"டைப்பு, இருக்கியா?"

"இருக்கேங்க்கா," என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.